இருபத்தாறு டிகிரியில் உறைந்தவன்

டெலிபோன் அலறியது.

வெள்ளிக்கிழமை காலை. மணி ஏழு ஐம்பது.

சார்ஜண்ட் டேரில் மெல்னிக் காபிக் கோப்பையை வாயருகே நிறுத்திவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"கொலைப் பிரிவு."

"சார்... என் பேர் எமேக்கா. செல்கிர்க் அவென்யூ, 'முதல் சாவி' வீட்டுத் திட்டத்துல வேலை பாக்கறேன். இங்க ஒருத்தர் செத்துக் கிடக்கறார்... இல்ல, கிடக்கல. உட்கார்ந்திருக்கார்."

"எப்படிச் செத்தார்?"

"உறைஞ்சு போய்..."

"வெளியிலயா?"

"இல்ல சார், ரூமுக்குள்ள! ஹீட்டர் ஓடிட்டிருக்கு. எனக்கு வேர்த்து ஊத்துது. அவர் பாறை மாதிரி இருக்கார்!"

மெல்னிக் காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

வினிபெக் நகரம் அன்று மைனஸ் முப்பத்தாறில் விடிந்திருந்தது. தெருவில் உறைவது சகஜம். உள்ளே உறைவது...

புதுசு!

*

மூன்றாவது மாடி. அறை எண் 312.

கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது.

கான்ஸ்டபிள் கோரா டிமானோ சுவரிலிருந்த வெப்பமானியைப் பார்த்தாள்.

"இருபத்தாறு டிகிரி சார்! எங்கம்மா மணிலாவை விட்டு வந்து இருபது வருஷமா இப்படி ஒரு ரூமைத்தான் தேடிட்டிருக்காங்க."

"போன் பண்ணிச் சொல்லு. காலியாகப் போகுது."

ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி. அதில் அவர்.

ஆர்வில் ப்ரூடன். வயது ஐம்பத்தெட்டு. பதினொரு வருடம் வீடற்றவர்களுக்கான இரவுக் காப்பகத்துப் பாயில் படுத்து எழுந்தவர். பதினொரு மாதமாக இந்த அறையின் குடித்தனக்காரர். தாடியில் பனி. அது உருகி, சொட்டு... சொட்டு... எனத் தரையில் குளம் கட்டியிருந்தது.

மெல்னிக் கன்னத்தைத் தட்டினார்.

மரக்கட்டைச் சத்தம்!

"சார்... அந்தக் கையைப் பாருங்க."

வலது கை. முழங்கை மடங்கி அந்தரத்தில் நின்றது. எதன் மீதோ சாய்ந்து ஓய்வெடுக்கிற மாதிரி.

அங்கே எதுவுமே இல்லை.

பின்மண்டையில் ஒரு பிளவு. ரத்தம் ஒரு சொட்டு கிடையாது.

"கோரா, இந்த ரூம்ல ஐஸ்கட்டி கூடப் பத்து நிமிஷம் தாங்காது. எங்கயோ வெளியில செத்திருக்கார். யாரோ தூக்கிட்டு வந்து உட்கார வச்சிருக்காங்க."

"எதுக்கு சார்?"

"அதுதான் புரியல. பிணத்தை வீட்டிலேருந்து வெளியே கடத்தின கொலைகாரனைப் பாத்திருக்கேன். வெளியிலேருந்து பத்திரமா வீட்ல கொண்டு வந்து விட்ட கொலைகாரனை..."

"மரியாதை தெரிஞ்சவனா இருப்பான் சார்."

எமேக்கா கதவோரம் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். லாகோஸில் பிறந்தவன். நாற்பத்திரண்டு வயது. குடித்தனக்காரர்களின் நலம் விசாரிப்பது அவன் உத்தியோகம்.

"கடைசியா இவரை எப்ப பாத்தே?"

"போன வெள்ளிக்கிழமை சார். தூக்கம் வரலன்னார். மாத்திரை வேணுமான்னு கேட்டேன். 'மாத்திரை வேணாம்டா, பக்கத்துல குறட்டை விட நாலு ஆளு வேணும்'னார். சிரிச்சுட்டேன். ஃபாரத்துல 'நலம்'னு எழுதிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை இப்போது.

செருப்புச் சத்தம். ஃபிலிப்பா ஹார்க்னஸ் வந்தார். 'முதல் சாவி'யின் இயக்குநர். ஐம்பத்திரண்டு வயது. தோளில் கம்பளிச் சால்வை. கீழே வரவேற்பறையில் அவர் விருது வாங்கும் படங்கள் ஆறு தொங்கின.

"ஆர்வில்... ஐயோ, நம்ம ஆர்வில்! இந்த வருஷத்து அறிக்கையில அட்டைப்படம் இவர்தான் சார்!"

"மேடம், ஒரு கேள்வி. இவர் சாவால யாருக்கு லாபம்?"

"யாருக்கு சார்? அவர்கிட்ட ஒரு ரேடியோ, ரெண்டு போர்வை..."

"ரூம் இருக்கே?"

ஃபிலிப்பா சால்வையைச் சரி செய்தார்.

"ரூம்... பட்டியல்ல அடுத்த ஆளுக்குப் போகும். எழுநூறு பேர் காத்திருக்காங்க. கஷ்டத்துக்கு மார்க் போடுவோம். தெருவுல படுத்தா ஒரு மார்க். நோய் இருந்தா ஒரு மார்க். வேலை இல்லைன்னா ஒரு மார்க். யாருக்கு மார்க் அதிகமோ அவங்களுக்கு ரூம்."

"நான் படிச்ச ஸ்கூல்ல இந்த முறை இல்லாம போச்சே! சரி, குடித்தனக்காரர் காணாமப் போயிட்டா?"

"தொண்ணூறு நாள் ரூமைப் பூட்டி வச்சுக் காத்திருப்போம்."

"செத்துட்டா?"

"அன்னிக்கே காலி."

மெல்னிக்கும் கோராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியில் செத்தவன் வெளியிலேயே கிடந்து, பெயர் தெரியாத பிணமாகியிருந்தால் அறை மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும். அதே பிணம் அறைக்குள் உட்கார்ந்திருந்தால்...

இன்றே சாவி!

"மேடம், பட்டியல்ல முதல் பேர் யாரோடது?"

"அதை வெளியில சொல்றது விதிப்படி..."

"கொலை மேடம்."

"லாவெர்ன் பியர்டி."

கோரா வாசல் மேஜையிலிருந்து பார்வையாளர் பதிவேட்டின் இன்றைய பக்கத்தைப் படம் பிடித்து வந்திருந்தாள். போனை நீட்டினாள். விரலால் ஒரு வரியைப் பெரிதாக்கினாள்.

காலை 6.25. அறை 312. வந்தவர் பெயர்...

லாவெர்ன் பியர்டி!

*

எமேக்கா ஆர்விலின் மரணத்தைக் கம்ப்யூட்டரில் பதிந்தது 8.50-க்கு.

கம்ப்யூட்டர் அடுத்த ஆளுக்குச் செய்தி அனுப்பியது 8.51-க்கு.

கம்ப்யூட்டருக்குத் துக்கம் காக்கும் பழக்கமில்லை.

9.40-க்கு லாவெர்ன் பியர்டி வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்பத்தாறு வயது. வடக்கே, விமானம் மட்டுமே போகிற ஊர்க்காரி. பதினாலு மாதமாகக் காப்பகத்துப் பாய். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோட்டு. தோளில் கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டை.

"டேய் எமேக்கா! செய்தி வந்துச்சுடா! எந்த ரூம்? ஜன்னல் இருக்கா?"

"ஆன்ட்டி..."

"ஆன்ட்டியா? உன்னைவிட நாலு வயசுதான்டா மூத்தவ. எந்த ரூமு?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

லாவெர்னின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அது கிழவனோட..."

"லாவெர்ன் பியர்டி?" பின்னாலிருந்து மெல்னிக்.

"ஆமா."

"ஆர்வில் ப்ரூடன் கொலை விஷயமா உன்னை விசாரிக்கணும்."

மூட்டை கீழே விழுந்தது. ஒரு வாணலி உருண்டது. ஓர் அலாரக் கடிகாரம். பேக்கரிக்காரர்கள் அணியும் வெள்ளைத் தொப்பி, விலைச்சீட்டு கிழிக்காதது.

"கொலையா? கிழவன்... செத்துட்டானா?"

மெல்னிக் விலங்கை எடுத்தார்.

கோரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நடிப்பு இல்லை; ஆனால் அதைச் சொல்ல இடமில்லை. சார்ஜண்ட் வேகத்தில் இருந்தார்.

*

விசாரணை அறை. மணி பதினொன்றரை.

"வக்கீல் வேணுமா?"

"வக்கீல் வந்து சேர்றதுக்குள்ள நாலு மணி ஆயிடும். கேளுங்க ஆபீஸர்."

"நாலு மணிக்கு என்ன?"

"ரூமுக்குக் கையெழுத்துப் போடற கெடு. இன்னிக்கு விட்டா போச்சு. திங்கக்கிழமை புதுப் பட்டியல்."

"அதுலயும் நீதானே முதல்?"

"இல்ல. திங்கக்கிழமை எனக்கு வேலை ஆரம்பம். பேக்கரி. 'முதல் சாவி'க்காரங்களேதான் வாங்கிக் கொடுத்தாங்க, மாடியில வேலை வாங்கித் தர்ற பிரிவு. வேலை வந்துட்டா கீழ்மாடியில ரூம் கொடுக்கற பிரிவு ஒரு மார்க் குறைச்சிடும். இப்ப பதினாலு. அப்புறம் பதிமூணு. பதிமூணுல இருபது பேர் நிக்கறாங்க."

"சரி, காப்பகத்துல இருந்தே வேலைக்குப் போறது."

"பேக்கரி காலைல நாலு மணிக்கு. காப்பகத்துக் கதவு ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டினா காலைல ஆறுக்குத்தான் திறப்பாங்க." லாவெர்ன் விலங்கோடு கையை விரித்தாள். "வேலைக்குப் போகணும்னா வீடு வேணும். வீடு வேணும்னா வேலை இருக்கக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு இன்னிக்கு நாலு மணி வரைக்கும் ஒரு சந்து இருக்கு. அதுல நீங்க உட்கார்ந்திருக்கீங்க."

கோரா இருமினாள். அது சிரிப்பு.

"அதனாலதான் ஆர்விலைக் கொன்னியா?" மெல்னிக் மேஜையைத் தட்டினார். "தொண்ணூறு நாள் காத்திருக்க முடியாது. அதனால பிணத்தை..."

"எதுக்கு ஆபீஸர் கொல்லணும்? அவன்தான் செவ்வாய்க்கிழமையே ரூமை விட்டுட்டானே!"

மெல்னிக் சட்டென நிமிர்ந்தார்.

"என்ன சொன்னே?"

"செவ்வாய்க்கிழமை ஃபிலிப்பா மேடம் மேஜையில சாவியை வச்சுட்டு வந்துட்டான். எங்கிட்ட அவனே சொன்னான். 'அந்தச் சுவத்துக்கு நடுவுல தூக்கமே வரல லாவெர்ன், நீயாவது போய்த் தூங்கு'ன்னான். மூணு நாளா மெயின் ஸ்ட்ரீட் பஸ் நிழற்குடையிலதான் உட்கார்ந்திருந்தான். 'காப்பகத்துக்கு வாய்யா, என் பக்கத்துப் பாய் காலியாத்தான் இருக்கு'ன்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். 'முடியாது, வாக்குக் கொடுத்துட்டேன்'னான்."

"யாருக்கு வாக்கு?"

"சொல்லல. இன்னிக்குக் காலைல ஆறு பத்துக்குக் காப்பகத்திலேருந்து வெளியில வந்தேன். நிழற்குடையில ஆளைக் காணோம். குளிர் தாங்காம ரூமுக்கே திரும்பிட்டான் போலன்னு ஓடிப் போய்த் தட்டினேன். திறக்கல. தூங்கறான்னு நெனச்சு..." அவள் நிறுத்தினாள். "சந்தோஷமா இறங்கி வந்தேன் ஆபீஸர். தூக்கம் வந்துடுச்சு போலன்னு."

மெல்னிக் பேனாவைக் கீழே வைத்தார்.

போன் அடித்தது. பிணப் பரிசோதனை டாக்டர்.

"சார்ஜண்ட், உங்க ஆள் குளிர்ல செத்திருக்கார். ராத்திரி ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல. மண்டைக் காயம் செத்ததுக்கு அப்புறம் வந்தது. எதுலயோ இடிச்சிருக்காங்க."

"யாரும் அடிக்கலையா?"

"பிணத்தை யாரும் அடிக்க மாட்டாங்க சார். திருப்பி அடிக்காது, சுவாரஸ்யம் இருக்காது."

மெல்னிக் போனை வைத்தார். ரெண்டிலிருந்து நாலு. காப்பகத்துக் கதவு பூட்டியிருக்கும் நேரம். லாவெர்ன் கதவுக்கு உள்ளே.

"கோரா... விலங்கைக் கழட்டு."

"சார்?"

"கழட்டு. லாவெர்ன்... நீங்க கொஞ்ச நேரம் இங்கயே இருங்க. காப்பகத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுடறோம்."

லாவெர்ன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"திடீர்னு 'நீங்க'வா? அப்ப நான் கொலைகாரி இல்லன்னு அர்த்தம்."

*

மெயின் ஸ்ட்ரீட் பஸ் நிழற்குடை. மூன்று பக்கம் கண்ணாடி. ஒரு பெஞ்சு. பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி.

"உட்காரு கோரா."

"உறைஞ்சுடுவேன் சார்!"

"ஒரு நிமிஷம்தான்."

கோரா உட்கார்ந்தாள். இயல்பாக வலது முழங்கையைக் கம்பியின் மேல் வைத்தாள். தலையைக் கண்ணாடியில் சாய்த்தாள்.

மெல்னிக்குக் குளிர் இப்போதுதான் உறைத்தது.

அதே கை. அதே கோணம். அந்தரத்தில் நின்ற அந்த முழங்கைக்கு அடியில் இருந்திருக்க வேண்டியது இந்தக் கம்பி!

"இங்கேருந்து செல்கிர்க் அவென்யூவுக்கு யாரோ ஒருத்தர் உட்கார்ந்த பிணத்தை, உட்கார்ந்தபடியே கொண்டு போயிருக்காங்க. வாசல்ல காவலாள் இருக்கான். எப்படி உள்ளே போச்சு?"

செல்கிர்க் அவென்யூவுக்குத் திரும்பிப் பதிவேட்டைப் புரட்டினார்கள். காலையில் அவர்கள் பார்த்தது பார்வையாளர் பக்கம் மட்டும். அடுத்த பக்கம் சாமான்களுக்கானது.

காலை 5.40. நன்கொடையாக வந்த நாற்காலி, துணி போர்த்தியது, ஒன்று. அறை 312.

"நாற்காலியா?" கோரா நிமிர்ந்தாள். "அந்த ரூம்ல ஒரே ஒரு மர நாற்காலிதானே சார்! அதுல ஆபீஸ் முத்திரை, பழைய நம்பர் எல்லாம் இருக்கு. புதுசா ஒண்ணும் இல்லையே?"

"வந்தது நாற்காலி இல்ல கோரா. நாற்காலி மாதிரி மடங்கின ஒண்ணு."

வாசல் காவலாள் தலையைச் சொறிந்தான்.

"நாலு சக்கரத் தள்ளுவண்டியில வந்துது சார். லிஃப்ட்ல ஏத்தறப்ப கதவுல டமார்னு இடிச்சுது. 'மரம் உடைஞ்சுடப் போகுது, பாத்து'ன்னு நான்தான் சொன்னேன்."

"கொண்டு வந்தது யாரு?"

"கையெழுத்து இருக்கே சார். எந்தச் சாமான் உள்ளே வந்தாலும் கையெழுத்துப் போடாம விடக்கூடாதுன்னு விதி. விதியை எழுதினவங்களே போட்டாங்க."

கையெழுத்து தெளிவாக இருந்தது. தேதி போட்டு, அடியில் கோடும் போட்டு.

ஃபி. ஹார்க்னஸ்!

"ஏன் சார்?" கோரா குழம்பினாள். "அந்த அம்மாவுக்கு ரூம் எதுக்கு?"

மெல்னிக் எமேக்காவைத் தனியாக அழைத்தார்.

"வருஷ அறிக்கைன்னு உங்க மேடம் சொன்னாங்களே. எப்ப அனுப்பணும்?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு சார்."

"அதுல என்ன இருக்கும்?"

"இந்த வருஷம் குடியேறினது நாற்பது பேர். அதுல எத்தனை பேர் வீட்டோட நிலைச்சாங்கன்னு சொல்லணும். தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே போனா எங்க அமைப்புகிட்டேருந்து திட்டத்தைப் பிடுங்கிடுவாங்க."

"இப்ப எவ்வளவு?"

"முப்பத்தாறு பேர். சரியா தொண்ணூறு."

"ஆர்வில் செத்துட்டாரே. முப்பத்தஞ்சுதானே?"

எமேக்கா தயங்கினான். குரல் இறங்கியது.

"இல்ல சார். ரூம்ல செத்தா அது வெற்றிக் கணக்கு. 'கடைசி வரை குடியிருந்தார்'னு ஒரு கட்டம் இருக்கு. டிக் பண்ணணும்."

"தெருவுல செத்திருந்தா?"

"தோல்வி."

சொல்லி முடித்த பிறகுதான் எமேக்காவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

*

ஃபிலிப்பா அழவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார். 312.

"செவ்வாய்க்கிழமை கொண்டு வந்து வச்சார். கெஞ்சினேன் சார். 'இன்னும் மூணே நாள் ஆர்வில், வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கப்புறம் எங்க வேணாலும் தூங்கு'ன்னேன். கேக்கல. காப்பகத்துக்கே திரும்பிப் போறேன்னார்."

"போகலையே?"

"காப்பகத்துல படுத்தா கம்ப்யூட்டர்ல பேர் விழுந்துடும். வீடு இழந்தவர்னு ஆயிடும். அதனால..."

"அதனால?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் காப்பகம் பக்கம் போக மாட்டேன்னு வாக்கு வாங்கிக்கிட்டேன்."

கோராவின் பேனா நின்றது.

"ரூமுக்கு வரமாட்டார். காப்பகத்துக்குப் போகக்கூடாது. மைனஸ் முப்பத்தாறுல வேற எங்க மேடம் போவார்?"

"அவர் திரும்பி ரூமுக்கு வந்துடுவார்னு நெனச்சேன். தினம் காலைல அஞ்சு மணிக்குக் காபி கொண்டு போய்க் கொடுத்தேன். இன்னிக்குக் கோப்பையை நீட்டினேன்... கை வாங்கல." ஃபிலிப்பா சால்வையை இறுக்கினார். "வாக்கு மாறாத மனுஷன் சார் அவர். வண்டி கொண்டு வந்தேன். அந்த ஒரு ஆளுக்காக அறுபத்து நாலு குடித்தனக்காரங்க நடுத்தெருவுக்கு வரணுமா? நீங்களே சொல்லுங்க!"

மெல்னிக் விலங்கை எடுத்தார்.

"பிணத்தை முறைகேடாக் கையாண்டதுக்கு ஒரு பிரிவு இருக்கு மேடம். அந்த வாக்குக்கு என்ன பிரிவுன்னு சட்டப் புஸ்தகத்துல தேடணும். டிக் பண்றதுக்குக் கட்டமெல்லாம் கிடையாது."

மணி மூன்று பத்து.

*

போலீஸ் நிலையம். மூன்று நாற்பது.

காப்பகம் உறுதி செய்துவிட்டது. லாவெர்ன் விடுதலை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடியவளை, எதிரே மூச்சு வாங்க ஓடி வந்த எமேக்கா மறித்தான். கையில் ஒப்பந்தப் பத்திரம்.

"எங்க ஆன்ட்டி ஓடறே? அங்க போய்ப் பிரயோஜனமில்லை! இயக்குநர் கையெழுத்து வேணும். இயக்குநர் இங்கதான் லாக்கப்புல இருக்காங்க!"

"வேற யாரும் போட முடியாதா?"

"முடியாது. நாலு மணிக்குள்ள போட்டா ஒப்பந்தம் செல்லும். அதுக்கப்புறம் புதுசா யாருக்கும் ரூம் கிடையாது. அறிக்கை எண்பத்தேழரை சதவீதத்துக்கு இறங்கிடுச்சு, திட்டத்தையே பிடுங்கறாங்க."

லாவெர்ன் மெல்னிக்கைப் பார்த்தாள்.

மெல்னிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கோரா... அந்தம்மாவைக் கூட்டிட்டு வா."

மேஜையின் ஒரு பக்கம் ஃபிலிப்பா, விலங்கோடு. மறுபக்கம் லாவெர்ன். மணிக்கட்டில் விலங்கின் சிவப்புத் தடம் இன்னும் ஆறவில்லை. நடுவில் பத்திரம்.



"கிழவன்கிட்ட வாக்கு வாங்கினது நீங்கதானா?" லாவெர்ன்தான் முதலில் கேட்டாள்.

ஃபிலிப்பா தலையை அசைத்தார்.

"எங்கிட்டயும் ஏதாவது வாங்கணுமா மேடம்? இல்ல, கையெழுத்துப் போடறீங்களா?"

ஃபிலிப்பா பேனாவை எடுத்தார். பத்திரத்தைப் படித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"உனக்கு வேலை கிடைச்சிருக்குன்னு கான்ஸ்டபிள் வர்ற வழியில சொன்னாங்க. தெரிஞ்சப்புறம் மறுபடி மார்க் போடாம நான் கையெழுத்துப் போடக்கூடாது."

"மேடம்!" கோரா கத்தினாள். "விலங்கு மாட்டிட்டு உட்கார்ந்திருக்கீங்க!"

"விதி விதிதான்."

மூன்று நாற்பத்தொன்பது.

எமேக்கா ஃபாரத்தைப் பிரித்தான்.

"வேலை... இருக்கு. ஒரு மார்க் குறையுது. பதிமூணு."

"பதிமூணுன்னா முதல் இடம் இல்ல," ஃபிலிப்பா பெருமூச்சு விட்டார். "என்னால முடியாது லாவெர்ன். நிஜமாவே முடியாது."

லாவெர்ன் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"மேடம்..." எமேக்கா ஒரு பக்கத்தைத் திருப்பினான். "பதினேழாவது கேள்வி. 'கடந்த ஆறு மாசத்துல போலீஸ் பிடிச்சு விசாரிச்சதுண்டா?' போன தடவை 'இல்லை'ன்னு இருக்கு."

எல்லாத் தலைகளும் மெல்னிக் பக்கம் திரும்பின.

மெல்னிக்கின் காது சிவந்தது.

"நான் வேணும்னா... எழுதிக் கொடுக்கறேன்."

"தேதியும் நேரமும் போட்டு," என்றார் ஃபிலிப்பா.

போட்டுக் கொடுத்தார்.

"ஒரு மார்க் கூடுது," என்றான் எமேக்கா. "பதினாலு. முதல் இடம்!"

"ஆபீஸர்," லாவெர்ன் மெல்லச் சொன்னாள், "பொழுது விடிஞ்சதிலேருந்து நீங்க செஞ்ச ஒரே உருப்படியான வேலை என்னைத் தப்பாப் பிடிச்சதுதான்."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஃபிலிப்பா ஹார்க்னஸ் கையெழுத்துப் போட்டார். தேதி. அடியில் ஒரு கோடு.

அறை 312 லாவெர்ன் பியர்டியுடையது. எமேக்கா சாவியை அவள் கையில் வைத்தான்.

மெல்னிக் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். ஒரு விஷயம் உறுத்தியது.

"எமேக்கா, திட்டம் உங்க கையை விட்டுப் போகுதே. அந்த அறுபத்து நாலு பேரு? தெருவுக்கா?"

"சேச்சே! குடியிருக்கறவங்களை அப்படியே வேற அமைப்பு எடுத்துக்கும் சார். ஒப்பந்தத்துலயே இருக்கு. ஆபீஸ் மட்டும்தான் மாறும்."

"அப்ப யாருமே வெளியே போயிருக்க மாட்டாங்களா?"

"மேடத்தைத் தவிர... யாரும் இல்ல சார்."

ஃபிலிப்பா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு ஐந்துக்கு அவர் போன் அடித்தது. கோரா எடுத்துக் காதருகே பிடித்தாள். நிர்வாகக் குழுத் தலைவர். இரண்டே வாக்கியம். வேலையிலிருந்து நீக்கம். வேலையோடு சேர்ந்து கொடுத்த குடியிருப்பை இன்றே காலி செய்ய வேண்டும்.

"சார்ஜண்ட்..." ஃபிலிப்பாவின் குரல் முதல் தடவையாகச் சின்னதானது. "ஜாமீன்ல போகலாமா?"

"போகலாம் மேடம். தங்கற இடத்தோட விலாசம் எழுதணும்."

ஃபிலிப்பா விலாசக் கட்டத்தைப் பார்த்தார். எழுத எதுவும் இல்லை.

மூட்டையோடு கதவைத் தாண்டிவிட்ட லாவெர்ன் நின்றாள். திரும்பி வந்தாள். புதுச் சாவி கையில் குலுங்கியது.

"முந்நூத்திப் பன்னெண்டுன்னு எழுதிக்குங்க. ஒரு வாரத்துக்கு ஒருத்தர் உறைஞ்சது போதும்."

ஃபிலிப்பா நம்ப முடியாமல் நிமிர்ந்தார்.

"லாவெர்ன்... எத்தனை நாள்?"

லாவெர்ன் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தை விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"விருந்தாளி மூணு ராத்திரிக்கு மேல தங்கக்கூடாதாம் மேடம்... எந்தப் பாவி எழுதினானோ!"